தினமும் பத்து நிமிஷ சந்தோஷம்: காபி, மல்லி, நிலா. எப்படிச் செய்தால் நிலைக்கும்?

பால்கனிவாசி:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இரண்டாம் மாடி வீடு. மேற்குப் பார்த்த சின்ன பால்கனி உண்டு, மொட்டை மாடிக்கும் போய் வரலாம். காலையில் ஆறரையிலிருந்து ஏழு, சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறரை, ராத்திரி சாப்பிட்டபின் ஒரு கால் மணி. கையில் இருக்கும் நேரம் இவ்வளவுதான்.

"சின்னச் சின்ன விஷயங்களில் சந்தோஷத்தைப் பாருங்கள்" என்று எங்கே திரும்பினாலும் சொல்கிறார்கள். எந்த விஷயம், அதை எப்படிச் செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதிகச் செலவில்லாமல், வீட்டிலேயே, தினமும் செய்யக்கூடியதாக, ஒரு மாதத்தில் சலித்துப்போகாததாக எதுவெல்லாம் உண்டு? அளவு, நேரம், தப்பு எங்கே வரும் என்பதோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

இரண்டு விஷயம் ஏற்கெனவே பாதியில் நிற்கிறது. ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்க முக்கால் மணி ஆகிறது, அதற்குள் ஆபீஸ் நேரம் வந்துவிடுகிறது. குண்டுமல்லிச் செடி வைத்து எட்டு மாதம், இலையைத் தவிர ஒன்றும் காணோம்.

டபரா செட்:

டிகாக்‌ஷனை நான் எடுத்துக்கொள்கிறேன். முக்கால் மணி ஆகிறதென்றால் பொடி ரொம்ப நைஸ், அல்லது சிக்கரி அதிகம், அல்லது பொடி மேல் வைக்கும் குடைத் தட்டை ஓங்கி அமுக்கியிருக்கிறீர்கள், அல்லது துளை அடைப்பு. பெரும்பாலும் கடைசிக் காரணம்தான், அதனால் அங்கே தொடங்குங்கள்.

மேல் பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். எல்லாத் துளையிலும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். பாதி துளை மங்கலாக இருந்தால் காபி எண்ணெயும் தூளும் சேர்ந்து இறுகியிருக்கிறது, சோப்புக்கு அது போகாது. எவர்சில்வர் ஃபில்டர் என்றால் இடுக்கியால் பிடித்து அடிப்பக்கத்தைச் சிறு தீயில் ஒரு நிமிஷம் காட்டுங்கள். அடைத்திருப்பது கருகும், ஆறியபின் தட்டினால் உதிரும். பித்தளை ஃபில்டரை மட்டும் தீயில் காட்டவே கூடாது, உள்ளே பூசிய வெள்ளீயம் உருகிவிடும். அதை வெந்நீரில் ஊறவைத்து ஒவ்வொரு துளையாகக் குண்டூசியால் குத்த வேண்டியதுதான்.

அடுத்தது பொடி. காபிக்கொட்டை வகையில் பாதி பீபெரி, பாதி பிளான்டேஷன் ஏ, அதில் 100க்கு 20 சிக்கரி என்று கேளுங்கள். சிக்கரி நிறமும் கெட்டித்தன்மையும் தரும், ஆனால் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். காபி 60, சிக்கரி 40 என்ற கலவையில் இறங்க நேரமாவது அதனால்தான். அரைக்கும்போதே "ஃபில்டருக்கு" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் தூள் உப்பு போல நெருட வேண்டும், மைதா போல வழுக்கினால் ஃபில்டருக்கு ஆகாது. வாரத்துக்கு 200 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள், அரைத்த பொடியின் மணம் பத்து நாள் தாண்டாது. பிரிட்ஜில் வைத்து வைத்து எடுத்தால் டப்பாவுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் அடுப்புச் சூடு படாத இடமே போதும்.

அளவு: பொடி 25 கிராம், அதாவது குவித்த மூன்று மேசைக்கரண்டி. தண்ணீர் 150 மில்லி. பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே கீழே வருவது சுமார் 100 மில்லி. மூன்று டம்ளருக்கு வரும். பொடியைப் போட்டுப் பாத்திரத்தை மேடையில் இரண்டு தட்டு தட்டிச் சமமாக்கி, குடையை அதன் எடையிலேயே உட்கார வையுங்கள், விரலால் லேசாக ஒரு சுற்று சுற்றினால் போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அணைத்து அரை நிமிஷம் விடுங்கள். முதலில் இரண்டு கரண்டி மட்டும் குடை மேல் ஊற்றி, பொடி நனைந்து உப்ப அரை நிமிஷம் கொடுத்து, பிறகு மீதியை ஊற்றி மூடுங்கள். 15 முதல் 20 நிமிஷத்தில் இறங்க வேண்டும். மூன்று நிமிஷத்தில் இறங்கிவிட்டால் பொடி கரகரப்பு என்று அர்த்தம், காபி வெளுத்து நிற்கும். எல்லாம் சரியாக இருந்தும் நடுவே நின்றுபோனால் இரண்டு பாத்திரமும் இறுகப் பொருந்தி உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கி வைத்தால் உடனே சொட்டும்.

நீங்கள் கேட்ட சந்தோஷம் இந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் இருக்கிறது, குடிப்பதில் மட்டும் இல்லை. முதல் சொட்டு காலிப் பாத்திரத்தில் விழும்போது கணீரென்று கேட்கும். அடியில் ஒரு பரப்பு தேங்கியதும் அதே சொட்டு மெத்தென்று விழும். சத்தம் மாறியதா என்று காது கொடுத்துக்கொண்டே பாலை அடுப்பில் வையுங்கள். 6 சதவீதக் கொழுப்புள்ள ஃபுல் கிரீம் பால், முதல் கொதியில் இறக்கியது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் காபி சப்பென்று ஆகிவிடும். சர்க்கரை முதலில், அதன்மேல் டிகாக்‌ஷன் 30 மில்லி, அதன்மேல் பால் 100 மில்லி. டபராவுக்கும் டம்ளருக்கும் ஒரு முழ உயரத்தில் மூன்று முறை ஆற்றினால் நுரையும் வரும், குடிக்கும் சூடும் வரும். மிஞ்சிய டிகாக்‌ஷனை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், கசக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிச் சூடாக்குங்கள்.

ஆறரைக்கு ஊற்றினால் ஆறே முக்காலுக்குப் பால், ஏழுக்குள் பால்கனியில் டம்ளர் காலி. அந்த அரை மணி போன் வேறு அறையில் இருக்கட்டும்.

நார்க்கட்டு:

மல்லிக்கு நான் சொல்றேன். எட்டு மாசம் இலை மட்டும்னா வெயில் பத்தலை, இல்லேன்னா கவாத்து, அதாவது கிளை வெட்டறது, பண்ணலை, இல்லேன்னா தழைச்சத்து கூடிப்போச்சு. இந்த மூணைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை.

மேற்கு பால்கனிங்கறது நல்ல இடம்தான். பகல் ஒரு மணியிலிருந்து சாயங்காலம் வரை நேர் வெயில் விழுதான்னு ஒரு லீவு நாள்ல உட்கார்ந்து பாருங்க. செடியோட நிழல் தரையில கோடு போட்ட மாதிரி தெளிவா விழணும். மங்கலா விழுந்தா அது வெளிச்சம், வெயில் இல்லை. அஞ்சாறு மணி நேரம் வேணும். நாலு மணி நேரத்துக்குக் கீழே போனா கொடி மாதிரி நீண்டு இலையாத் தள்ளும். அப்படின்னா தொட்டியை மொட்டை மாடிக்கு ஏத்திடுங்க.

தொட்டி வாய் 16 அங்குலமாவது இருக்கணும். செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நல்லா மக்கின தொழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. அடியில ஓட்டைமேல ஓட்டுத் துண்டு வைங்க. தண்ணி தேங்கினா மல்லி தாங்காது. விரலை ஒரு கணு அளவு மண்ணுக்குள்ள விட்டுப் பார்த்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க.

கவாத்துதான் முக்கியம். மல்லி புதுத் துளிர் நுனியிலதான் மொட்டு வைக்கும். பழைய கிளையை எத்தனை நாள் பார்த்துட்டு இருந்தாலும் பூக்காது. தோட்டத்துல நவம்பர் கடைசி வாரத்துல தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவாங்க. தொட்டியில ஒரு அடி விட்டு வெட்டுங்க, மிச்ச இலையையும் உருவிடுங்க. பார்க்க மொட்டையா பாவமா இருக்கும், பயப்படாதீங்க. மாசி, பங்குனியில மொட்டு வரும். சித்திரை, வைகாசியில கை நிறையக் கிடைக்கும். ஒவ்வொரு பூச்சுற்று முடிஞ்சதும் பூத்த நுனியை ரெண்டு கணுவோட கிள்ளி விடணும். இதை விட்டுட்டா அடுத்த சுற்று தள்ளிப்போகும்.

உரம்னா கடலைப் பிண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணியில மூணு நாள் ஊறவச்சு, தெளிவை மட்டும் பத்து மடங்கு தண்ணி சேர்த்து, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை. வாரத்துக்கு ரெண்டு தடவை ஊத்தினா மறுபடி இலைதான். இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்துக் குறை, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைச்சு இலை நனையத் தெளிங்க, நிறம் திரும்புற வரை மாசம் ஒரு தடவை. மொட்டு ஊதா நிறத்துக்குத் திரும்பினா, அல்லது ஓட்டை விழுந்திருந்தா பூச்சி உள்ளே இருக்கு. அந்த மொட்டைப் பறிச்சு வீட்டை விட்டு வெளியே போடுங்க, தொட்டியிலயே போட்டா மண்ணுக்குள்ள போய்த் திரும்ப வரும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தப்புறம் தெளிக்கணும்.

புதுச் செடி வாங்கறதா இருந்தா ராமநாதபுரம் குண்டுமல்லி கேளுங்க. தங்கச்சிமடம் பக்கத்துலதான் பதியன் போட்டு ஊரெல்லாம் அனுப்பறாங்க. 2013ல புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லித் தோட்டங்களுக்கும் நாத்து பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து போறதுதான்.

பறிக்கிற நேரம் உங்களுக்கு அப்படியே ஒத்துவருது. அஞ்சரை மணிக்கு மொட்டு முழுசா வெளுத்து, நுனி உருண்டு, காம்புப் பக்கம் மட்டும் லேசா பச்சை இருக்கும். அதைப் பறிங்க. உடம்பெல்லாம் பச்சை ஓடினது இன்னிக்கு விரியாது, நாளைக்கு விட்டுடுங்க. காம்பை நகத்தால கிள்ளாம, மொட்டை விரலிடுக்குல பிடிச்சு லேசா வளைச்சா தானா வரும். பத்து மொட்டுதான் வந்ததுன்னாலும் பரவாயில்லை, ஒரு சின்னக் கிண்ணத்துல தண்ணி தொடாம கூடத்துல வைங்க. ஏழு மணி வாக்குல ஒவ்வொண்ணா வாய் திறக்கும், வீடு முழுக்கத் தெரியும்.

மாடிவானம்:

ராத்திரிக் கால் மணிக்கு ஒரு யோசனை. செலவு ஒன்றும் கிடையாது. வீட்டுச் சுவரில் கிழிக்கும் நாள்காட்டி இருந்தால் போதும்.

அதில் தினமும் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும். ராசிபலனுக்காகத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம், ஆனால் அது வானத்தில் நிலா இருக்கும் இடத்தின் முகவரி. நிலா பின்னணி நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சுற்று வர 27 நாளும் கொஞ்சமும் எடுக்கும், அந்தப் பாதையை 27 பங்காக வைத்திருக்கிறார்கள். ஒரு பங்கு 13 டிகிரிக்குச் சற்று மேல். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மூடிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. ஆக, நேற்று நிலா இருந்த இடத்திலிருந்து இன்று ஒரு முஷ்டியும் கொஞ்சமும் கிழக்கே நகர்ந்திருக்கும். இதை இரண்டே ராத்திரியில் நீங்களே அளந்துவிடலாம்.

சென்னை வெளிச்சத்தில் 27ஐயும் பார்க்க முடியாது. நான்கில் தொடங்குங்கள். ரோகிணி என்று போட்டிருக்கும் நாளில் நிலாவுக்கு அருகே செம்மஞ்சளாக ஒன்று தெரியும். அது தை, மாசி, பங்குனி மாலைகளில் வசதி. மகம் மாசியிலிருந்து ஆனி வரை. சித்திரை நட்சத்திரம் வெண்ணீலமாக, தனியாக நிற்கும், சித்திரையிலிருந்து ஆடி வரை மாலையில் கிடைக்கும். கேட்டை நல்ல சிவப்பு, ஆனியிலிருந்து ஆவணி வரை தெற்கே பாருங்கள். திருவாதிரையும் சிவப்புதான், ஆனால் நிலாவின் பாதையிலிருந்து விலகி நிற்பதால் அன்று நிலாவிலிருந்து ஒன்றரை முஷ்டிக்கு மேல் தள்ளித் தேட வேண்டும்.

தப்பு வரும் இடம் மூன்று. நாள்காட்டியில் நட்சத்திரம் முடியும் நாழிகையும் இருக்கும். அது பகலிலேயே முடிந்துவிட்டால் ராத்திரி நிலா அடுத்த நட்சத்திரத்துக்குப் போயிருக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலா வெளிச்சமே நட்சத்திரத்தை மறைத்துவிடும், கட்டை விரலால் நிலாவை மறைத்துக்கொண்டு பக்கத்தில் தேடுங்கள். வளர்பிறை ஐந்திலிருந்து பத்துக்குள் ரொம்ப சுலபம். அடுத்தது கண். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20 நிமிஷமாவது வேண்டும், நடுவே ஒரு முறை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. தெருவிளக்கு நேரே படாதபடி தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பின்னால் நில்லுங்கள்.

நிலா தினமும் சராசரியாக 50 நிமிஷம் தாமதமாக உதிக்கும். பௌர்ணமிக்கு மூன்று நாள் கழிந்தால் உங்கள் கால் மணிக்குள் அகப்படாது, அந்த நாட்களில் விடியற்காலை மேற்கே பார்க்கலாம். இன்னொன்று: நம் மாதப் பெயர்களே இந்தக் கணக்குதான். கார்த்திகைப் பௌர்ணமியில் நிலா கார்த்திகைக் கூட்டத்தின் அருகே, தையில் பூசத்தருகே, பங்குனியில் உத்திரத்தருகே, வைகாசியில் விசாகத்தருகே. திருவிழா எல்லாம் ஏன் அந்த நாளில் என்று மொட்டை மாடியில் நின்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

பால்கனிவாசி:

மூவருக்கும் நன்றி. துளையை வெளிச்சத்தில் பார்த்தேன், பாதிக்கு மேல் அடைப்பு. செடிக்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டுமா? இன்னொரு கேள்வி: தொடங்கிய பத்து நாளில் கை மட்டும் வேலை செய்கிறது, மனசு ஆபீஸில் இருக்கிறது. அதற்கு என்ன வழி?

குறிப்புநோட்டு:

மனசு வேறெங்கோ போவது எல்லோருக்கும் நடப்பது. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 2010ல் போன் செயலி வழியாக, இந்த நொடி என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் செய்யும் வேலையில் மனசு இல்லை, அப்படி இல்லாதபோது சந்தோஷமும் குறைவு. ஆகவே "கவனமாக இரு" என்று மனசுக்குக் கட்டளை போட்டுப் பயனில்லை. மேலே டபரா செட் சொன்ன மாதிரி, கவனித்தே தீர வேண்டிய ஒரு அடையாளத்தை வேலைக்குள் வையுங்கள். சொட்டின் சத்தம் மாறும் கணம், மொட்டில் பச்சை எங்கே நிற்கிறது, நிலா நேற்றைவிட எத்தனை முஷ்டி. பதில் தேட வேண்டியிருந்தால் மனசு தானாக அங்கே வரும்.

சலிப்பு வேறு விஷயம். எந்த இன்பமும் மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் பழகிப்போகும். மல்லியும் நிலாவும் தாமே மாறிக்கொள்பவை, பிரச்சினை இல்லை. காபியில் நீங்கள்தான் மாற்ற வேண்டும்: ஒரு வாரம் சிக்கரியே இல்லாமல், ஒரு வாரம் முழுக்கப் பீபெரி. ஞாயிறு காபி இல்லை என்று வைத்தாலும் திங்கட்கிழமைக் காபி ருசிக்கும்.

படுக்கப்போகும் முன் ஒரு நோட்டில் அன்று நன்றாக நடந்த மூன்றை எழுதுங்கள். உளவியலாளர் செலிக்மன் குழு 2005ல் சோதித்துப் பார்த்த பயிற்சி இது, ஒரு வாரம் எழுதியவர்களுக்குப் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. அதில் பலரும் விட்டுவிடும் பகுதி, ஒவ்வொன்றுக்கும் "இது ஏன் நடந்தது" என்று ஒரு வரி. "காபி நன்றாக இருந்தது" என்பதோடு நிறுத்தாமல் "துளை சுத்தம் செய்ததால் 17 நிமிஷத்தில் இறங்கியது" என்று எழுத வேண்டும். முதல் வாரம் தினமும் எழுதுங்கள், அதன்பின் வாரம் ஒரு முறை போதும். தினமும் கடமைக்கு எழுதத் தொடங்கினால் மூன்றும் ஒரே மாதிரி ஆகி, படிக்கவே தோன்றாது.

கடைசியாக ஒன்று, அக்கறையோடு சொல்வது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பே இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது என்றால் அதற்குக் காபியும் நோட்டும் மருந்தல்ல. மருத்துவரைப் பாருங்கள்.

நார்க்கட்டு:

நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். இப்போ கனமா வெட்டாம, எல்லா நுனியையும் நாலு விரற்கடை கிள்ளி, பழுத்த இலையை எடுத்துடுங்க. வெயில் சரியா இருந்தா ஒரு மாசத்துக்கு மேல புதுத் துளிர்ல ஒண்ணு ரெண்டு மொட்டு தெரியும். பெரிய கவாத்து நவம்பர்லதான்.

கட்டறதும் இப்பவே பழகிக்கோங்க, கடையில உதிரி 50 கிராம் வாங்கினா போதும். வாழைநாரை அஞ்சு நிமிஷம் தண்ணியில போட்டு, பிழிஞ்சு, ரெண்டா மூணா கிழிச்சுக்கோங்க. தையல் நூல் வேண்டாம், அது காம்பை அறுக்கும். நாரோட ஒரு முனை இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவுல. ரெண்டு மொட்டை ஒரு பக்கம், ரெண்டை எதிர்ப்பக்கம், காம்பு நடுவுல ஒண்ணுமேல ஒண்ணு குறுக்கா வர மாதிரி வைங்க. நாரைக் காம்பைச் சுத்தி ஒரு சுற்று. அப்புறம் வலது கை ரெண்டு விரல்ல நாரைத் திருப்பி ஒரு வளையம் போட்டு, எதிர்ப்பக்க மொட்டு மேலா நுழைச்சுக் காம்புக்குக் கொண்டுவந்து இழுங்க. இழுக்கற இடத்துலதான் எல்லாம் இருக்கு. நார் காம்புல பதிஞ்சு நிக்கணும், காம்பு நசுங்கி ஈரம் கசிஞ்சா ஜாஸ்தி, மொட்டு காலைக்குள்ள பழுத்துடும். தளர்வா விட்டா நார் காயக் காய முடிச்சு நெகிழ்ந்து, தொட்டதும் கொட்டும். அடுத்த நாலு மொட்டை முந்தின முடிச்சை ஒட்டியே வைங்க, இடைவெளி விட்டா நார் வெளியே தெரியும்.

கட்டினதை ஈரத்துணியில சுத்தி டப்பாவுல வச்சா பிரிட்ஜ்ல மறுநாள் வரை நிக்கும். பூ மேல தண்ணி தெளிக்காதீங்க, துளி நிக்கிற இடமெல்லாம் பழுப்பு விழும்.